விலாசம் அழிந்த போர்வை

மகளின் தலைப்பிள்ளைக்கென்று பழம்புடவைகளை அடுக்கித் தைத்து ஒரு தாய் தபாலில் அனுப்பிய போர்வை, மழையில் விலாசம் அழிந்து, தபால் நிலையக் கிடங்கு மூலையில் பல காலமாகக் கிடந்தது.

மார்கழிக் குளிரில் ஒரு சுண்டெலி அதனிடம் வந்து, "அக்கா, என் குஞ்சுகள் விறைக்கின்றன. ஓரத்தையாவது விரித்துக் கொடுங்களேன்" என்று கெஞ்சியது.

"நன்றாயிருக்கிறதே! அந்தப் பிள்ளைக்கு முன்னால் வேறொருவர் போர்த்தலாமோடி?" என்றது போர்வை.

"பழம்புடவைக்கு வந்த மிடுக்கைப் பாரேன்! அந்தப் பிள்ளை இந்நேரம் பள்ளிக்கூடமே போயிருக்கும்" என்று சிரித்தது பக்கத்திலிருந்த கிழிந்த சாக்கு.

போர்வை தன் கயிற்று முடிச்சை இன்னும் இறுக்கிக்கொண்டது.

பனி கொட்டிய ஒரு விடியலில்தான் அதன் மனம் இளகிற்று. முடிச்சைத் தானே நெகிழ்த்தி விரிந்து, "குஞ்சுகளை அழைத்து வா, தங்கச்சி" என்றது.

சுண்டெலி நிமிர்ந்து பார்க்கவில்லை. "அழைத்து வர இனி யார் இருக்கிறார்கள், அக்கா?" என்றது.

விரிந்த போர்வைக்கு மறுபடி மடியத் தெரியவில்லை.