சிவப்பு மையும் ப்ரொபசரும்

“அந்த ஆளை எக்ஸ்ரே எடுத்தா, இதயம் இருக்கற இடத்துல ஒரு சிவப்புப் பேனாதான் தெரியும், தங்கச்சி,” என்றார் மீசைக்காரர்.

தேர்வு அறைக்கு வெளியே இருந்த பெஞ்சில் இவர்கள் இருவர்தான் மிச்சம். உள்ளே செய்முறைத் தேர்வு நடந்துகொண்டிருந்தது. பிராணி மருத்துவமனையில் டாக்டரின் பக்கத்தில் நின்று நாயைப் பிடிக்க, மருந்து கொடுக்க, கட்டுப் போட ஒருவருக்கு உரிமை தரும் டெக்னீஷியன் சான்றிதழுக்கு இதுதான் கடைசிப் படி.

தேர்வாளருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் அவருடைய பட்டங்களில் மட்டும் இருந்தது. மாணவர்கள் வைத்த பெயர் சிவப்பு மை.

“எனக்கு இது மூணாவது தடவை அண்ணே,” என்றாள் அவள். “இதுலயும் போச்சுன்னா ரெண்டு வருஷப் படிப்பையும் மறுபடி முதல்லேருந்து படிக்கணும். ‘அதுவரைக்கும் உன் இடத்தைக் காலியா வச்சிருக்க முடியாது’ன்னு எங்க டாக்டரம்மா சொல்லிட்டாங்க.”

“எழுத்துத் தேர்வுல நீதானே முதல்?”

“எழுதறப்போ யாரும் பக்கத்துல நின்னு பார்க்கலையே! யாராவது பார்த்தா கை நடுங்குது. போன தடவை நாய் காலோட என் சுண்டுவிரலையும் சேர்த்துக் கட்டிட்டேன். அந்த மனுஷன் சிரிக்கக்கூட இல்லை. கத்தரிக்கோலை நீட்டினார்.”

“வீட்ல பழகிப் பார்க்கலாமே?”

“வீட்டுக்காரர் கால்ல தினமும்தான் கட்டறேன். நடுங்கவே மாட்டேங்குது.”

“அப்புறம் என்ன?”

“அவர் மார்க் போடறதில்லையே.”

மீசைக்காரர் பெஞ்சு அதிரச் சிரித்தார்.

“உங்களுக்குப் போன தடவை என்ன ஆச்சு அண்ணே?”

சிரிப்பு நின்றது. மீசையை நீவிக்கொண்டார். “எல்லாம் நல்லாத்தான் போச்சு. பாதியில கண்ணுல தூசி விழுந்துடுச்சு.”

“ரெண்டு கண்ணுலயுமா?”

“பெரிய தூசி.”

அந்தத் தூசியின் விசும்பல் அன்றைக்கு இந்தப் பெஞ்சு வரை கேட்டது.

கதவு திறந்தது. “அடுத்து!”

உள்ளே எஃகு மேஜைமேல் கல்லூரி நாய் படுத்திருந்தது. அங்கே யாரையும்விட அதிகத் தேர்வுகளைப் பார்த்தது அதுதான் என்பதால் ப்ரொபசர் என்று பெயர். முந்தைய இரண்டு தடவையும் அவளைப் பார்த்துக் கொட்டாவி விட்டிருந்தது.

“வலது முன்னங்கால்ல காயம். கட்டுப் போடுங்க,” என்றார் சிவப்பு மை. “உங்க விரல் எல்லாம் வெளியே இருக்கட்டும்.”

பஞ்சு ரோலை எடுத்தாள். கை ஆரம்பித்துவிட்டது. ரோல் நழுவி, உருண்டு, மேஜைக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டது.

“வேற எடுங்க. ஒரு மார்க் போச்சு.”

தாளில் பேனா கீறும் சத்தம். இரண்டாவது ரோலும் கைக்குள் படபடத்தது. சுண்டுவிரல் தானாகவே ஆபத்தான பக்கம் போயிற்று.

அப்போதுதான் ப்ரொபசர் அதைச் செய்தது. மெல்ல நகர்ந்து வந்து, தன் கனத்த தாடையை அவளுடைய இடது முன்கையின்மேல் வைத்தது. மொத்தப் பாரத்தையும் இறக்கிவிட்டு, ஒரு பெருமூச்சும் விட்டது.

இனி அந்தக் கை எங்கே நடுங்குவது? அவளுக்கு வீட்டுக்காரர் கால் ஞாபகம் வந்தது. நாய் விரல்களுக்கு இடையே பஞ்சு, மேலே துணி, அதன்மேல் ஒட்டுப்பட்டை. வீக்கம் வந்தால் தெரியும்படி நடுவிரல்கள் இரண்டும் வெளியே. கட்டு அழகாக உட்கார்ந்தது.

சிவப்பு மை கட்டை இழுத்துப் பார்த்தார், அமுக்கிப் பார்த்தார். “நாய் உங்க மேல சாய்ஞ்சது உங்க திறமை இல்லை. அதுக்கு மார்க் கிடையாது.”

“சரிங்க சார்.”

“உங்க விரல்?”

பத்தையும் விரித்துக் காட்டினாள்.

“பாஸ். போகலாம்.”

“ரொம்ப நன்றி சார்!”

“எதுக்கு? நான் ஒண்ணும் சும்மா குடுக்கலையே.”

வெளியே ஓடி வந்தாள். “அண்ணே, பாஸ்!”

“அட! அந்தக் கல்லு இளகிடுச்சா?”

“அவராவது இளகறதாவது! அந்த நாய்க்கு இருக்கற ஈரத்துல கால்வாசி அவருக்கு இருந்தா போதும்.”

“மெதுவாப் பேசு, காதுல விழப்போகுது.”

“விழட்டுமே. நான்தான் பாஸாயிட்டேனே.”

“நான் இன்னும் ஆகலைம்மா!”

கழுத்தைத் தொட்டுப் பார்த்தபோதுதான் ஸ்டெதஸ்கோப்பை உள்ளேயே விட்டுவிட்டது தெரிந்தது. கதவு சாத்தியிருந்தது. அதிலிருந்த கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தாள்.

சிவப்பு மை தரையில் ப்ரொபசருக்கு எதிரே சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார். கைக்குட்டையால் கண்ணைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க விசும்பிக்கொண்டிருந்தார்.

அவள் வெளியே சொன்னது காதில் விழுந்துவிட்டது! ‘ஐயோ, பாவம் பண்ணிட்டேனே’ என்று மன்னிப்புக் கேட்பதற்காகக் கதவைத் தள்ளப் போனாள். லேசாகத் திறந்த கதவு அவள் கையிலேயே நின்றது.

ப்ரொபசர் யோசித்து யோசித்து முன்னங்காலைத் தூக்கி அவர் முழங்கால்மேல் வைத்தது.

குழாயை மூடினாற்போல விசும்பல் நின்றது. சிவப்புப் பேனா செருகியிருந்த சட்டைப் பையிலிருந்து, இதயத்துக்கு நேர் மேலேயிருந்து, ஒரு பிஸ்கட் வெளியே வந்தது.

“நடுங்கற கைக்குத் தாடை வைக்கறது நல்லா வந்துடுச்சு,” என்றார் அவர் நாயிடம், அதே கண்டிப்போடு. “அழுகைக்குத்தான் கால் வைக்க இவ்வளவு நேரமாக்கறே. அடுத்து வரப்போறது மீசைக்காரன். எங்கே, இன்னொரு தடவை!”