பொட்டு வைத்த தட்டுகள்

இன்குபேட்டரைத் திறந்ததும் நவ்யாவுக்குச் சந்தன வாசம்தான் முதலில் அடித்தது.

உள்ளே கிருமி வளர்க்கக் கவிழ்த்து வைத்த ஐந்து கண்ணாடித் தட்டுகளுக்கும் சந்தனம், குங்குமம். நேற்று ஆயுத பூஜை. ஆய்வகத்தைக் கூட்டும் சின்னாத்தாள் அக்கா ஒன்று விடாமல் பொட்டு வைத்துவிட்டுப் போயிருக்கிறார். கோயமுத்தூரில் லேத்துக்குப் பொட்டு உண்டு, தறிக்குப் பொட்டு உண்டு, பாவம், கிருமிக்கு மட்டும் எதற்குக் குறை?

சிரித்துக்கொண்டே பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்து ஐந்தையும் துடைத்தாள்.

ஒரு தட்டில், நடுவில் விட்ட செடிச் சாற்றைச் சுற்றி வட்டமாகத் தெளிந்திருந்தது. புண்ணில் சீழ் பிடிக்க வைக்கிற கிருமி அந்த இடத்தில் முளைக்கவே இல்லை.

அடி ஆத்தி, மருந்தேதான். நவ்யாவுக்குத் தரையில் கால் பாவவில்லை.

காங்கேயத்துக்குப் பக்கத்தில் அப்பா செங்கோடனின் மேய்ச்சல் காட்டில் அவள் பறித்து வந்த ஐந்து செடிகளின் சாறு, தட்டுக்கு ஒன்றாக. கிளுவை, ஆவாரை, தும்பை, பிரண்டை, வேலிப்பருத்தி. காட்டை அடித்துத் தென்னை வைக்கப் போகிறார் அப்பா. விஜயதசமி நல்ல நாளென்று ஜேசிபியும் இன்றைக்கே வந்துவிட்டது. ஒரு செடிகூடப் போகக் கூடாதென்று அவள் அழாத குறையாகக் கேட்டும் மனுஷர் மசியவில்லை. மருந்தென்று தேறுகிற செடியை மட்டும் விட்டுவிடுவதாக வாக்குக் கொடுத்திருந்தார். வாக்குத் தவறுகிற ஆளில்லை.

எந்தச் செடி என்று பேரைத் தேடினாள். காணோம். பொட்டோடு சேர்த்து மார்க்கர் எழுத்தையும் ஸ்பிரிட் வழித்துக்கொண்டு போயிருந்தது. ஐந்து தட்டிலும்.

தலையில் அடித்துக்கொண்டாள். அடித்த கை தலையிலேயே நின்றது. அப்புறம் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. போனை எடுத்தாள்.

"அப்பா, ஒண்ணு தேறிருச்சுங்க. ஆனா எதுன்னு தெரியலைங்க. பேரெல்லாம் அழிஞ்சுபோச்சுங்க."

"அப்பறம் எதை விட்டுப்போட்டு எதை அடிக்கறது கண்ணு?"

"ஒண்ணையும் அடிக்க முடியாதுங்கப்பா."

 அந்தப் பக்கம் உறுமிக்கொண்டிருந்த ஜேசிபி அடங்கியது.

எப்போது தெரியும் என்று கேட்டார். அதற்கு நாளாகும் என்றாள்.

ஐந்து சாறும் பேர் ஒட்டிய பாட்டில்களில் ஃபிரிட்ஜுக்குள் பத்திரமாக இருந்தன. இப்போதே மறுபடி வைத்தால் நாளைக் காலையில் தெரிந்துவிடும்.

நவ்யா ஃபிரிட்ஜைத் திறக்காமல் பூஜைப் பொரி தின்னப் போனாள்.