நிறம் காட்டாத தண்ணீர்

"கேட்டைத் திறங்க ஸ்டெல்லான். பிள்ளைங்க குளிர்ல நிக்குதுங்க," என்றேன்.

"திறக்க மாட்டேன்."

எங்கள் குடியிருப்பின் நீச்சல் குளத்துக்கு அன்றுதான் திறப்பு. கொடி ஏற்றியாச்சு. காபியும் இலவங்கப்பட்டை பன்னும் ரெடி. குளிர்காலத்தில் நீச்சல் கற்று பேட்ஜ் வாங்கிய பிள்ளைதான் முதலில் குதிக்க வேண்டும் என்பது இங்கே வழக்கம். இந்த வருஷம் என் மகள் லோவிசா. முந்தின நாள் நீச்சலுடையோடுதான் படுத்தாள். உண்மையைச் சொன்னால் எனக்கும் தூக்கம் வரவில்லை. குளத்துக்குப் பொறுப்பாக என்னைப் போட்ட முதல் வருஷம்.

பிள்ளைகள் பத்திலிருந்து பின்னோக்கி எண்ண ஆரம்பித்துவிட்டார்கள். அந்த நேரம் பார்த்து கேட்டில் பூட்டைப் போட்டுவிட்டு மறித்துக்கொண்டு நிற்கிறார் ஸ்டெல்லான். இரவு பஸ் ஓட்டுகிறவர். 'கூச்சல்ல பகல்ல தூங்க முடியல' என்று கோடை தவறாமல் புகார் எழுதுகிற மனுஷன்.

"தண்ணி சரியில்ல ஹென்ரிக்," என்றார் என்னிடம்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஒரு வாரமா மாடு மாதிரி உழைச்சிருக்கேன். பச்சையா கிடந்த தண்ணியைக் கண்ணாடி மாதிரி ஆக்கியிருக்கேன். பி.எச். ஏழு புள்ளி நாலு. நேத்து மட்டும் குளோரினை மூணு தடவை சோதிச்சுப் பார்த்துப் போட்டிருக்கேன். வேற என்ன சரியில்ல?"

அவர் என்னைப் பார்த்தார். பிறகு கூட்டத்தைப் பார்த்தார்.

"குளோரின் ரொம்ப அதிகம். விடியக்காலையில நான்தான் கொஞ்சம் கொட்டிட்டேன். நாளைக்கு சோதிச்சுப் பார்க்கிற வரைக்கும் யாரும் இறங்கக் கூடாது. கண்ணு எரிஞ்சு போயிடும்."

எண்ணிக்கை நாலில் நின்றது. அப்புறம் ஆளாளுக்கு அவரைப் பிடித்துக்கொண்டார்கள்.

"தன் தூக்கத்துக்காக இப்படியும் செய்வாரா ஒரு மனுஷன்?" என்றாள் பக்கத்து வீட்டு குனில்லா, பன் தட்டும் கையுமாக.

லோவிசா உதட்டைக் கடித்துக்கொண்டு அழுகையை அடக்கினாள். அதைப் பார்த்ததும் எனக்கு வாய் நிற்கவில்லை.

"சின்னப் பிள்ளைங்க வயித்தெரிச்சலைக் கொட்டிக்கிறீங்களே, நல்லா இருப்பீங்களா?"

அவர் கோபப்படவில்லை. "பம்ப் ரூமுக்கு ஒரு நிமிஷம் வாங்க," என்றார்.

உள்ளே கதவைச் சாத்திவிட்டு, சோதனைக் குழாயில் குளத்துத் தண்ணீரை எடுத்து, குளோரின் இருந்தால் ரோஜா நிறம் காட்டுகிற சோதனை மாத்திரையைப் போட்டார். நிறமே வரவில்லை.

"கொட்டினேன்னு சொன்னீங்க, குளோரினே காட்டலையே? நேத்தும் மூணு தடவை இப்படித்தான் இருந்தது," என்றேன்.

அதே தண்ணீரில் ஒரு மூடி எடுத்தார். ஒன்பது மூடி குழாய்த் தண்ணீரைச் சேர்த்து, இன்னொரு மாத்திரையைப் போட்டார்.

குப்பென்று அடர்ந்த ரோஜா நிறம் ஏறியது.

"அளவு மீறிப் போச்சுன்னா குளோரின் அந்த நிறத்தையே வெளுத்துடும். பார்க்க ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்கும். பஸ்ஸுக்கு வர்றதுக்கு முன்னாடி ஊர் நீச்சல் குளத்துல எட்டு வருஷம் வேலை பார்த்தேன். நானும் இப்படி ஏமாந்திருக்கேன். காலையில வேலை முடிஞ்சு இந்தப் பக்கமா வந்தப்ப மூக்கு எரிஞ்சது. அதான் பூட்டிட்டேன்."

மூன்று தடவையும் நிறம் வரவில்லை. மூன்று தடவையும் வாளி நிறையக் கரைத்து ஊற்றியது நான்.

"அப்போ நீங்க கொட்டினது?"

"நான் அந்தக் குளோரின் டப்பாவைத் தொடவே இல்ல."

"பின்னே ஏன் அப்படிச் சொன்னீங்க?"

ஸ்டெல்லான் குழாயைக் கழுவி வைத்தார்.

"எனக்கு ஏற்கெனவே கெட்ட பேரு. இன்னொண்ணு சேர்ந்தா கனம் தெரியாது. உங்களுக்கு இது முதல் வருஷம். பொண்ணு வேற வெளியில நிக்கிறா."

கதவைத் திறந்தேன். லோவிசா ஓடி வந்து என் சட்டையைப் பிடித்தாள்.

"அவர் ஏன்ப்பா அவ்வளவு கொட்டினாரு?"

"கொட்டினது அப்பாதாம்மா," என்றேன், குனில்லாவின் பன் தட்டு வரைக்கும் கேட்கிற மாதிரி.