தொண்ணூற்றொன்பதிலேயே நிற்கிறது

“தொண்ணூற்றொன்பது! மூணு நாளா அதுக்கு மேல நகரவே மாட்டேங்குதுடி!”

கணினி அறையிலிருந்து கணவர் போட்ட கூச்சலில், சமையலறை ஜன்னலில் உட்கார்ந்திருந்த புறா பறந்தே போய்விட்டது. அவள் கைத்துண்டை வாயில் அழுத்திக்கொண்டு அடுப்பைப் பார்த்துத் திரும்பி நின்றாள். சிரிப்புச் சத்தம் வெளியே கேட்டால் குட்டு உடைந்துவிடும்.

ஓய்வு பெற்ற நாளிலிருந்து அவர் அந்த நாற்காலியை விட்டு எழுந்ததில்லை. முகம் தெரியாதவர்களோடு கணினியில் செஸ் ஆடுவதே முழுநேர வேலை. சாப்பாடும் அங்கே, தூக்கமும் பாதி அங்கே.

“தினமும் நடந்தே ஆகணும். இல்லேன்னா இதயம் தாங்காது” என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அவள் கெஞ்சிப் பார்த்தாள், அழுதும் பார்த்தாள். “தெருத்தெருவா நடக்க நான் என்ன போஸ்ட்மேனா?” என்று கேட்டுவிட்டு அவர் குதிரையை நகர்த்தினார்.

வேறு வழியில்லாமல் அவள் நாத்தனாரிடம் போய் நின்றாள். அடுத்த தெருவில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடை வைத்திருப்பவள் அவள்.

மறுநாளே நாத்தனார் பையோடு வந்து இறங்கினாள். நாலு பட்டனைத் தட்டி, ஆன்டிவைரஸ் ஸ்கேனை ஓடவிட்டு, துக்கம் விசாரிக்க வந்தவள்போல முகத்தை வைத்துக்கொண்டாள்.

“அண்ணே, உள்ளே ஏதோ பூந்திருக்கு. ஸ்கேன் முடியற வரைக்கும் மவுஸைத் தொட்டுடாதே. தொட்டா மறுபடி முதல்லேருந்து ஓடும்.”

“எவ்வளவு நேரம் ஆகும்?”

“அது வைரஸோட மனசைப் பொறுத்தது.”

வாசலில் செருப்பு மாட்டும்போது அண்ணியின் காதோரம் குனிந்தாள். “கவலைப்படாதீங்க அண்ணி. முடியப்போற நேரம் பார்த்து, கடையிலேருந்தே இன்டர்நெட் வழியா அதை நிறுத்தி வெச்சுடறேன். நீங்க போதும்னு சொல்ற வரைக்கும் அது முடியாது.”

முதல் நாள் சாயங்காலம் அவர் கூண்டுப் புலியாகக் கூடத்தில் உலாத்தினார். “இன்னும் ஓடிக்கிட்டே இருக்கு, சனியன். சும்மா உக்கார முடியல. வா, தெருமுனை வரைக்கும் போய்ட்டு வரலாம்” என்று ஏதோ அவள்மேல் தப்பு போலக் கடுகடுத்தார்.

தெருமுனை அடுத்த நாள் பூங்காவரை நீண்டது. பூங்காக் குளத்தில் ஒரு கொழுத்த வாத்து, மற்ற வாத்துகளையெல்லாம் அதட்டிக்கொண்டு முன்னால் போனது.

“அடியே, எங்க மேனேஜர்!” என்றார் அவர். உடனே வாத்துக்கு விறைப்பாக ஒரு சல்யூட் அடித்தார். “சார், ஒரு நாள் லீவு வேணும் சார்!”

வாத்து வாலை ஆட்டிவிட்டுத் திரும்பிக்கொண்டது. “பார்த்தியா, அப்பவும் இப்படித்தான்!” என்றார். இருவரும் குளத்தைச் சுற்றிய கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்த சிரிப்பில் தோட்டக்காரர் தண்ணீர்க் குழாயைக் கீழே போட்டுவிட்டுப் பார்த்தார்.

அதன்பின் ஒரு நாளும் தவறவில்லை. ஒரு நாள் மழையில் ஒற்றைக் குடைக்குள் ஓடிவந்தார்கள். ஒரு நாள் ஐஸ்கிரீம் வழிந்து அவர் சட்டைப் பைக்குள் போனது. பகலில்கூட அவர் சமையலறைக்கு வந்து, வெங்காயம் உரித்தபடி கதை பேசினார்.

அவளுக்கு மட்டும் ஒரு முள் உறுத்தியது. பிரார்த்தனைக்கு உட்கார்ந்தால், “கடவுளே, அவர் நல்லதுக்குத்தானே...” என்று தொடங்குவாள். பொய்க்குச் சாக்குச் சொல்வதாகத் தோன்றும். பாதியில் எழுந்துவிடுவாள். தன் பொய்யின் முகத்தைப் பார்க்கக் கூசி, கணினி அறைப் பக்கம் அவள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

அன்று சாயங்காலமும் அவர் தலை வாரி, ஷூ மாட்டி, சீட்டியடித்துக்கொண்டே ஸ்கேனைப் பார்க்கப் போனார். தும்மல் போடும் நேரத்துக்குள் திரும்பி வந்தார்.

“ம்ஹூம். அங்கேயேதான் நிக்குது. எமகாதக வைரஸ்டி இது!” குடையை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார். “சீக்கிரம் வா, மேனேஜர் தூங்கப் போயிடுவாரு!”

அந்த முகத்தில் இருந்த வெளிச்சம் அவளைச் சுட்டது. இப்படிக் குழந்தைபோல நம்புகிற மனிதரை இன்னும் எத்தனை நாள் ஏமாற்றுவது? நடந்தது நடந்தவரை லாபம். இனிக் கடவுள் பார்த்துக்கொள்ளட்டும் என்று முடிவு செய்தாள். நாத்தனாருக்குப் போன் போட்டாள்.

“போதும்டி, அதை விட்டுடு, முடிஞ்சு போகட்டும். இன்னைக்கு நடக்கும்போது அவர்கிட்ட உண்மையைச் சொல்லிடப் போறேன். திட்டினா திட்டட்டும். திரும்ப நாற்காலியில போய் உக்காந்தா உக்காரட்டும்.”

அந்தப் பக்கம் நாத்தனார் எதையோ சொல்லவந்து மென்று விழுங்கினாள்.

“என்னடி, என்ன விஷயம்?”

“அண்ணி... திட்டாதீங்க. உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு நானே முழிச்சுக்கிட்டிருந்தேன். ஸ்கேன் போட்ட அன்னைக்கே கடையில இன்டர்நெட் போச்சு, இன்னும் வரல. நான் எதையும் நிறுத்தவே இல்ல.”

வாசலில் அவர் குடைக்காம்பால் கதவில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார்.

“அப்போ... ஸ்கேன்?”

“அது முதல் நாள் ராத்திரியே முடிஞ்சிருக்குமே, அண்ணி!”