கிளிசரினில் தண்ணீர்

மடித்த இடத்திலேயே தாள் அப்பளம் போலப் படக்கென்று உடைந்தது.

"போச்சு! இது பதினோராவது!" மேஜையைத் தட்டினாள் பேராசிரியை ரஃபீக்கா.

கடலோர அரபு நகரமான ஸ்ஃபாக்ஸில் ஒரு கல்லூரி ஆய்வுக்கூடம். உருளைக்கிழங்கு மாவில் செய்த தாள் அது. பிளாஸ்டிக் பைக்குப் பதிலாக ரொட்டி சுற்றலாம். தூக்கி எறிந்தால் மண்ணோடு மண்ணாகிவிடும். வெறும் மாவென்றால் நொறுங்கும். கிளிசரின் சேர்த்தால்தான் துணி மாதிரி வளையும். ஆலிவ் எண்ணெயில் சோப்புக் காய்ச்சும்போது மிஞ்சுகிற கிளிசரினைச் சுத்தம் செய்து கொடுத்துவந்தவர் சோப்புக்காரர் மப்ரூக்.

இன்று செவ்வாய். வியாழக்கிழமை ரொட்டிக்கடை முதலாளிகள் பார்க்க வருகிறார்கள்.

ரஃபீக்காவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. மாவின் அளவு மாறவில்லை, சூடு மாறவில்லை. கடைசியில் டப்பாவிலிருந்த கிளிசரினைச் சோதித்தாள். ஐந்தில் ஒரு பங்கு தண்ணீர்!

"சைஃப், வாஃபா, கிளம்புங்க!" மாணவர்கள் இருவரையும் காரில் ஏற்றிக்கொண்டாள்.

மப்ரூக் தன் பட்டறையில் சோப்புப் பாளத்தை வில்லை வில்லையாக அறுத்துக்கொண்டிருந்தார்.

"எத்தனை நாளா ஐயா நடக்குது இந்த வேலை?"

"எந்த வேலைம்மா?"

"தண்ணி கலக்குற வேலை! பால்காரன்கூட இவ்வளவு கலக்க மாட்டான்!"

சைஃப் களுக்கென்று சிரித்தான்.

மப்ரூக் டப்பாவை வாங்கி, ஒரு சொட்டை விரலில் தேய்த்துப் பார்த்தார். "டாக்டரம்மா, இது வந்து..." என்று ஆரம்பித்தவர், அவளுக்குப் பின்னால் நின்ற இருவரையும் பார்த்தார். பேச்சை விழுங்கிக்கொண்டார்.

"கலந்தது நீங்கதானே? ஆமாவா, இல்லையா?"

"ஆமாம்மா. என் தப்புதான்."

உள்ளே போய் மூடி முத்திரையிட்ட புது டப்பா ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினார். "இதை எடுத்துட்டுப் போங்க. இதுல கலப்படம் இல்ல."

"இதுதான் கடைசி. இனிமே எங்க வாசப்படி மிதிக்காதீங்க!"

வியாழக்கிழமை தாள் அருமையாக வந்தது. முதலாளிகள் மடித்தார்கள், இழுத்தார்கள், சுடச்சுட ரொட்டியைச் சுற்றிப் பார்த்தார்கள். "கிளிசரின் யார்கிட்ட வாங்குறீங்க?" என்று ஒருவர் கேட்க, சைஃப் முந்திக்கொண்டான். "மப்ரூக்னு ஒரு சோப்புக்காரர். தண்ணி கலந்து மாட்டிக்கிட்டார். ஆளை மாத்தப்போறோம்."

சனிக்கிழமைக்குள் சேதி கடைத்தெரு முழுக்கப் பரவிவிட்டது. சோப்பு வாங்கவே ஆட்கள் யோசித்தார்கள்.

பத்து நாள் கழித்து, ரஃபீக்காவின் தாள் மறுபடியும் ஓரத்தில் வெடித்தது.

அதே புது டப்பாவைச் சோதித்தாள். முதல் நாள் துளித் தண்ணீர்கூட இல்லாத கிளிசரினில் இப்போது பத்தில் ஒரு பங்கு தண்ணீர்.

அவளுக்குச் சுருக்கென்றது. கிளிசரின் காற்றிலிருக்கிற ஈரத்தை உறிஞ்சும். அவளே முதலாண்டு மாணவர்களுக்கு நடத்துகிற பாடம். அதுவும் இந்தக் கடற்கரை ஊர்க் காற்றில்!

அன்று தனியாகத்தான் போனாள். பட்டறையில் சோப்பு விற்காமல் கூரைவரை அடுக்கிக் கிடந்தது.

"ஐயா, நீங்க தண்ணி கலக்கவே இல்ல. யாரோ டப்பாவைத் திறந்தே போட்டிருக்காங்க. அன்னைக்கே உங்களுக்குத் தெரியும், இல்லையா?"

மப்ரூக் புதினாத் தேநீரை ஊற்றினார்.

"தெரிஞ்சும் எதுக்குப் பழியைத் தலையில போட்டுக்கிட்டீங்க?"

"விடுங்கம்மா. ஆனது ஆச்சு."

"விட முடியாது! யாரு அது, சைஃபா? வாஃபாவா? சொல்லுங்க, இன்னைக்கே சீட்டைக் கிழிக்கிறேன்!"

"அந்தப் புள்ளைங்க மேல பாயாதீங்க. சரக்குக் கொண்டுவந்தப்போ ரெண்டு தடவை பார்த்தேன். ஜன்னலோரமா டப்பா திறந்து கிடந்துச்சு. நானே மூடிட்டு வந்தேன். ஊத்தினவங்க போன்ல பேசிக்கிட்டே வெளியே போயிட்டாங்க."

"அதான் கேக்குறேன், யாரு?"

மப்ரூக் தேநீர்க் கோப்பையை அவள் பக்கம் மெல்ல நகர்த்தினார்.

"நீங்கதாம்மா. அதைப் போயி அவங்க முன்னாடி எப்படிச் சொல்றது? மறுநாளும் அதுங்க உங்ககிட்டதானே பாடம் படிக்கணும்!"