பத்து எம்.பி.க்குள்

"இதுல ஆளே தெரியலையேம்மா. பெல்ட் எப்படித் தெரியும்?"

வெங்கிடேஷ் மவுஸை விட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்தான். திருவனந்தபுரம் கரமனையில் இருக்கும் அவனுடைய வீடியோ எடிட்டிங் கடைக்குக் கல்யாண வீட்டுக்காரர்கள்தான் அதிகம் வருவார்கள். இந்தத் தாசம்மாள் விழிஞ்ஞத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்தாள். ஒரு பென்டிரைவைக் கைக்குட்டையில் முடிந்து கொண்டுவந்திருந்தாள்.

திரையில், கம்பெனியின் கண்காணிப்புக் கேமரா எடுத்த ஒரு கட்டடச் சாரம். மூன்றாவது தட்டில் சாம்பல் நிறத்தில் நாலைந்து சதுரங்கள் அசைந்தன. அதுதான் அவளுடைய புருஷன் யோசுவா. சட்டென்று சதுரங்கள் சரிந்து கீழே போயின. சாரம் மட்டும் நின்றது.

"இன்னொரு தடவ போடுங்க சார்."

"எத்தனை தடவை போட்டாலும் இதேதான்."

"அவிய சேஃப்டி பெல்ட் போட்டுத்தான் சார் ஏறுனாவ. நான் கீழ சிமெண்ட் குழைச்சிட்டு நின்னேன். கொக்கி மாட்டுனத இந்தக் கண்ணால பாத்தேன். கயிறுதான் அத்துப்போச்சு. கம்பெனி என்னன்னா, பெல்ட்டே போடல, குடிச்சிட்டு ஏறுனாருன்னு எழுதிக் குடுத்திருக்கு. அவிய ஒருநாளும் குடிச்சதில்ல சார்."

"கூட வேலை பார்த்தவா யாரும் சொல்ல மாட்டாளா?"

"அவங்களுக்கு இன்னமும் அங்கதான சார் வேல? நான் சொன்னா, பொண்டாட்டி அப்படித்தான் சொல்லுவான்னு தள்ளிருதாவ. நஷ்டஈட்டுக் கேஸ்ல வெள்ளிக்கிழமை கடைசி விசாரணை."

வெங்கிடேஷ் ஃபைலின் விவரத்தைத் திறந்து பார்த்தான். அவனுக்குக் கோபம் வந்தது. தொழில் தெரிந்தவனுக்கு வரும் கோபம்.

"கேட்டேளா, கேமரா மேல தப்பில்லே. நல்ல கேமராவாக்கும். இதைச் சின்னதாக்கினவன்தான் நாசம் பண்ணியிருக்கான். கோர்ட்டுல ஆன்லைன்ல ஏத்தறதுக்குப் பத்து எம்.பி.க்குள்ள வேணும்னு கேட்டிருப்பா. அதுக்காக அரைமணி நேரப் படத்தை மொத்தமா அதுக்குள்ள திணிச்சிருக்கான். விழற அந்த ஒரு நிமிஷத்தை மட்டும் வெட்டி எடுத்திருந்தா, அதே பத்து எம்.பி.யில கொக்கி வரைக்கும் தெரிஞ்சிருக்கும்."

தாசம்மாள் தலையை ஆட்டினாள். புரிந்ததா என்று தெரியவில்லை.

"வெட்ட வேண்டாம், மெதுவாவாவது சுருக்க விட்டிருக்கலாம். சைஸ் குறையணும், தெளிவும் நிக்கணும்னா நேரம் குடுக்கணும். ஒரு மணிநேரம் ஆகும், ஆகட்டுமே! இவன் இருக்கறதிலேயே வேகமான செட்டிங்கைப் போட்டு, படத்தையும் கால்வாசியாச் சுருக்கி, தள்ளி விட்டிருக்கான்."

"திரும்பப் பெருசாக்க முடியாதா சார்?"

"தூக்கி எறிஞ்சதை நான் எங்கேயிருந்து எடுக்கறது? பெருசாக்கினா சதுரம்தான் பெருசாகும். இப்போ ஏ.ஐ. வெச்சுத் தெளிவாக்கலாம். ஆனா அது தானாவே ஒரு பெல்ட்டை வரைஞ்சு குடுக்கும். எதிர்க்கட்சி வக்கீல் ஒரே கேள்வியில கிழிச்சுப் போட்டுடுவான்."

அப்படியும் அவனுக்கு மனசு கேட்கவில்லை. வெளிச்சத்தைக் கூட்டினான், குறைத்தான். ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்தினான். யோசுவாவின் இடுப்பு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சதுரம் கொஞ்சம் சிவப்பாக இருப்பதுபோல் தோன்றியது. அடுத்த ஃபிரேமில் அதுவும் சாம்பலாகிவிட்டது.

"பெல்ட் என்ன நிறம்?"

"ஆரஞ்சு சார்." அவள் எழுந்து திரையை நெருங்கினாள். "தெரியுதா?"

"இல்லேம்மா."

அவள் மறுபடி உட்கார்ந்தாள்.

"ஒரிஜினல் கம்பெனிகிட்ட இருக்குமே?"

"அவங்க மெஷின்ல பதினஞ்சு நாள்ல தானா அழிஞ்சிருமாம் சார். இந்தச் சின்னது மட்டும்தான் இருக்குன்னு சொல்லுதாவ. நாலு மாசம் ஆயிட்டு."

வெங்கிடேஷ் பென்டிரைவைக் கழற்றி அவளிடம் நீட்டினான். "ஒரு மனுஷன் செத்த படம்னு தெரிஞ்சும் இப்படிப் பண்ணியிருக்கான் பாருங்கோ. அவனெல்லாம் என்ன ஜென்மம்!"

தாசம்மாள் கை நீட்டி வாங்கிக்கொண்டாள். கைக்குட்டையில் திரும்ப முடிந்தாள். எழுந்திருக்கவில்லை.

"என்கிட்ட உட்கார்ந்து பிரயோஜனமில்லேம்மா. சுருக்கினவனைப் பிடியுங்கோ."

"அவருகிட்ட முழுப்படம் இருக்குமா சார்?"

"நாலு மாசம் ஆச்சே, இருக்காது. நாங்க எல்லாரும் மாசா மாசம் அழிச்சுடுவோம், டிஸ்க்ல இடம் போதாது. பின்னே, படம் போனா என்ன? தெளிவான படத்தை அவன் கண்ணால பார்த்திருப்பானே. வந்து சாட்சி சொல்லட்டும். கம்பெனிக்காரனும் இல்லே, உங்களுக்குச் சொந்தக்காரனும் இல்லே. அவன் சொன்னா எடுபடும்."

"சொல்லுவாரா சார்?"

"மனசாட்சி இருந்தா சொல்லியே ஆகணும். யாருன்னு கம்பெனியில கேட்டேளா?"

"கேட்டேன் சார். கடை பேரு சொன்னாவ."

"எந்தக் கடை?"

தாசம்மாள் முகத்தை நிமிர்த்தி அவனைப் பார்த்தாள். குரலில் கோபம் இல்லை. கெஞ்சல்தான் இருந்தது.

"இந்தக் கடைதான் சார். அவிய இடுப்புல பெல்ட் இருந்துச்சுல்லா? நீங்க பாத்தீங்கல்லா?"

அவசரம் என்று யாரோ கொண்டுவந்து கொடுத்ததை நாலு நிமிடத்தில் சுருக்கித் தந்த வெங்கிடேஷ், அதை ஒருதடவைகூட ஓட்டிப் பார்த்திருக்கவில்லை.