மானமுள்ள கரும்பு

உலகத்தில் மனிதர்கள் இரண்டே வகை. சர்க்கரை மில்லுக்குக் கரும்பு போடுகிறவன் விவசாயி. வெல்லக் கொட்டகைக்குப் போடுகிறவன் பிச்சைக்காரன்.

முசாபர்நகர்ப் பக்கத்து சோம்பீர் சௌத்ரி, ஹூக்காவை ஒரு இழுப்பு இழுத்துவிட்டு இதைச் சொல்லும்போது சிரிக்கக்கூட மாட்டார். மில் கொடுக்கும் விலை பெரிது. ஆனால் பணம் வருவதற்குள் அடுத்த கரும்பே வளர்ந்துவிடும். கொட்டகை விலை மட்டம். காசு மட்டும் கைமேல்.

"கௌரவம்னா காத்திருக்கணும்டா!" என்பார்.

அப்பேர்ப்பட்டவர் வயலில்தான் திருட்டு. கிழக்கு மூலை வழுக்கையாகக் கிடக்கிறதே என்று பக்கத்து வயல் ஜக்பால் கேட்டபோதுதான் விஷயம் வெடித்தது.

"திருட்டு!" என்று அலறிய சௌத்ரி, நேராக நவ்ஷாதின் வெல்லக் கொட்டகையில் போய் நின்றார். "என் கரும்பு இங்கதான் சாறாகுது. நாளைக்குள்ள திருடன் சிக்கலைன்னா, பஞ்சாயத்தைக் கூட்டி உன் அடுப்பை அணைச்சிடுவேன்!"

அந்த அடுப்பு எரிந்தால்தான் நவ்ஷாத் வீட்டு அடுப்பும் எரியும். ஆனால் கொட்டகையில் பெயர் கேட்கிற வழக்கமே இல்லை. எடை, காசு, சலாம், அவ்வளவுதான். போதாததற்குப் பனிக்காலம். வருகிறவன் எல்லாம் போர்வைக்கு வெளியே மூக்கை மட்டும் நீட்டிக்கொண்டு, திருடன் மாதிரியே வருவான்.

மறுநாள் காலை, பனிமூட்டத்துக்குள் எருமை வண்டிகள் வரிசைகட்டின.

"போர்வையை எடுத்தாத்தான் எடை!" என்று அறிவித்தார் நவ்ஷாத்.

"நான் என்ன முக்காடு போட்ட புது மருமகளா?" என்றது முதல் போர்வை. "முகம் பாக்கணும்னா மொய் வை, பாய்!"

விலக்கினால், ஜக்பால்.

"என் கரும்புதான். வேணும்னா மோந்து பாரு!"

இரண்டாவது போர்வைக்குள் இருந்தவர், மில்லில் எடை போடும் குமாஸ்தா.

"நீங்களுமா?"

"என் கரும்புக்கும் மில்லுதானே பாய் காசு தரணும்?" என்று நெளிந்தார் அவர்.

வரிசையின் கடைசி வண்டி சத்தமில்லாமல் திரும்பிப் போகப் பார்த்தது. ஜக்பால் பாய்ந்து எருமையின் மூக்கணாங்கயிற்றைப் பிடித்தான். நவ்ஷாத் போர்வையைக் கொத்தாகப் பற்றினார். உள்ளே இருந்த ஆள் அதை இன்னும் இறுக்கிப் போர்த்திக்கொண்டான்.

"மாட்டினான்டா! யாராவது ஓடிப்போய் சௌத்ரியைக் கூட்டிட்டு வாங்கடா!"

"கூட்டிட்டெல்லாம் வர வேணாம்," என்றது போர்வைக்குள்ளிருந்து சோம்பீர் சௌத்ரியின் குரல், "சத்தம் போடாம எடையைப் போடு."